இரைச்சலுக்குள் இருக்கிற தம்புரா

பழைய பாட்டைக் 'கிளியர்' பண்ணித் தரச் சொல்லி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். கொரகொரப்பு போயிற்றா, இல்லையா? போயிருந்தால் நல்ல வேலைக்காரன். கொஞ்சம் மிச்சமிருந்தால், வாங்கின காசுக்கு உழைக்காதவன். கோடம்பாக்கத்தில் டேப் மாட்டிக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, பிறகு ரெக்கார்டிஸ்டாகி, கடைசியில் பழைய பதிவுகளை மீட்டெடுக்கும் வேலையோடு நின்றுவிட்ட நான், இந்த அளவுகோலோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவன். மறுவெளியீடுகள் பல கெட்டுப்போனதற்குப் பாதிக் காரணம் இந்த எதிர்பார்ப்பு. மறுபாதி, 'எதிலிருந்து எடுத்தீர்கள்?' என்று யாரும் கேட்காதது.

முதலில் இந்த இரண்டாவதைச் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளில் வந்த ஒரு தமிழ்ப் படப் பாட்டை எடுத்துக்கொள்வோம். அது படத்தில் இருக்கிறது. ஃபிலிமின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்த ஒலி. 78 சுற்று இசைத்தட்டில் இருக்கிறது. பிற்பாடு வந்த எல்பியில் இருக்கிறது. எண்பதுகளில் கேசட்டாக வந்தது, தொண்ணூறுகளில் சிடியாக வந்தது. பெயர் ஒன்று, பாடியவர் ஒருவர், ஆனால் ஐந்தும் ஐந்து விதம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் இடம் உண்டு. அதனால் படத்தில் ஐந்து நிமிடம் ஓடும் பாட்டு தட்டுக்கு வரும்போது ஒரு சரணத்தையோ இடையிசையையோ இழந்திருக்கும், அல்லது இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும். தொடக்க காலத்தில் தட்டுக்கென்றே தனியாகப் பாடிப் பதிவு செய்ததும் உண்டு. அப்போது பாட்டே வேறு என்று ஆகிவிடும். படத்தின் ஒலியில் பாட்டு முழுதாகக் கிடைக்கும். ஆனால் அந்தக் காலத்து ஃபிலிம் ஒலியில் எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் இருக்காது. தியேட்டரின் ஸ்பீக்கர் அமைப்பே ஃபிலிமின் இரைச்சலை மறைப்பதற்காக மேல் ஒலிகளை வெட்டும்படிதான் வகுக்கப்பட்டிருந்தது. அதே பாட்டின் நல்ல தட்டு ஒன்று கிடைத்தால், பாடகரின் 'ச'வும் 'ஸ்'ஸும் அதில் இன்னும் தெளிவாக இருக்கும்.

எது கையில் கிடைக்கிறதோ அதில்தான் வேலை என்பது நடைமுறை. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. அதன் பிரதி இன்று இல்லை. முப்பதுகளில் வந்த படங்களில் பெரும்பாலானவற்றின் கதி அதுதான். படம் போன இடத்தில் பாட்டு பிழைத்திருந்தால், யாரோ ஒரு வீட்டுப் பரணில் கிடந்த தட்டால் பிழைத்தது. இதைச் சொல்வது சோகம் பாடுவதற்காக அல்ல. இருப்பதில் சிறந்ததைத் தேடி எடுப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் வேலை. கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்பே வேலையில் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. ஆனால் தேடுவதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. 'கேசட் மாஸ்டர் இருக்கே சார், அதிலேயே பண்ணிடுங்க' என்பார்கள். அந்த மாஸ்டர், மூலத்தின் பேரனுக்குப் பேரன். ஒவ்வொரு தலைமுறை டேப் காப்பிக்கும் இரைச்சல் ஏறி, மேல் ஒலி தேய்ந்து, வேகம் சற்றே தள்ளாடி வந்திருக்கும். அதைச் சுத்தம் செய்து, மேலே கொஞ்சம் ட்ரெபிள் ஏற்றி, 'டிஜிட்டலி ரீமாஸ்டர்டு' என்று அட்டையில் அச்சடித்துவிட்டால் முடிந்தது. எண்பதுகளின் படப்பாட்டு எல்பிக்களைச் சேகரிப்பவர்கள் சிடியை ஒதுக்குவதைப் பார்த்து, பழைய மோகம் என்று கேலி செய்வார்கள். மோகமும் உண்டுதான். ஆனால் பல சமயம் அவர்கள் காது சொல்வது சரி. எல்பி மூல டேப்புக்குப் பக்கத்தில் நின்று வெட்டப்பட்டது. சிடி அப்படி அல்ல.

*

தட்டு என்றதும் நிறையப் பேர் பிளாஸ்டிக்கை நினைப்பார்கள். 78 சுற்றுத் தட்டு அரக்கு. உலகத்துக்கே அரக்கு இந்தியக் காடுகளிலிருந்துதான் பெருமளவு போயிற்று. அரக்கோடு கல்மாவும் புகைக்கரியும் சேர்த்து அழுத்திய தட்டு அது. கல்மாவு வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. எஃகு முள்ளின் முனையைச் சில சுற்றுகளிலேயே தேய்த்து, பள்ளத்தின் வடிவத்துக்கு அதைக் கொண்டுவருவதற்காக. அந்த 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் தட்டுக்கு வந்த நோய் கிடையாது, தட்டின் பிறவிக் குணம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரக்குத் தட்டுப்பாடு வந்து, பல நாடுகளில் பழைய தட்டுகளை உடைத்து அரைத்துப் புதுத் தட்டில் கலந்தார்கள். அந்தக் காலத்துத் தட்டின் இரைச்சல் தனி ரகம். நம்மூரில் இந்த அரக்குத் தட்டுகள் வெகுகாலம் ஓடின. அறுபதுகளின் நடுவில் பீட்டில்ஸ் பாட்டுகளே இந்தியாவில் 78 சுற்றுத் தட்டாக அழுத்தப்பட்டன. இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு அலைகிறார்கள்.

தட்டை வாங்கியதும் முதலில் கழுவ வேண்டும். எல்பியைச் சிலர் ஆல்கஹால் கலந்த திரவத்தில் கழுவுவார்கள். அதே திரவத்தை அரக்குத் தட்டில் ஊற்றினால் பாட்டு கரைந்து பஞ்சோடு வந்துவிடும். அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட் என்பது எந்தத் தச்சருக்கும் தெரியும். மேஜைக்குப் பாலிஷ் போட அவர் கரைப்பதும் அதே அரக்கைத்தான். எனக்குக் காய்ச்சி வடித்த நீர், ஒரு சொட்டு சோப்புத் திரவம், மென்மையான பிரஷ், இவ்வளவுதான். நடுவில் ஒட்டியிருக்கும் லேபிள் நனையக்கூடாது. பள்ளத்தின் போக்கிலேயே பிரஷ் போக வேண்டும், குறுக்கே போகக்கூடாது. கழுவிய நீர் கறுத்து வரும்போது பார்க்க வேண்டும்: அறுபது எழுபது வருஷத்து அழுக்கும் அடுப்புப் புகையும் எண்ணெயும்.

அடுத்தது முள். எல்பி முள்ளின் முனை ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. 78 தட்டின் பள்ளத்துக்கு அதைப்போல் மூன்று மடங்கு வேண்டும். எல்பி முள்ளை அதில் இறக்கினால் பள்ளத்தின் அடியில் போய் அங்கே சேர்ந்த குப்பையைத்தான் வாசிக்கும். அதனால் அளவு அளவாக முட்கள் வைத்திருப்போம். கொஞ்சம் பெரிய முள் பள்ளத்தின் மேல்சுவரில் உட்காரும், சின்ன முள் கீழே இறங்கும். இங்கேதான் தட்டு வைத்திருந்த வீட்டின் சரித்திரம் தெரியும். ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்று கம்பெனி அச்சடித்துக் கொடுத்திருக்கும். சிக்கனம் பார்த்து ஒரே முள்ளை மாதக்கணக்கில் ஓட்டிய வீடுகளே அதிகம். தேய்ந்த முள் பள்ளத்தின் நடுச்சுவரைச் சிதைத்திருக்கும். அதற்கு மேலோ கீழோ கன்னி நிலம் கொஞ்சம் மிச்சமிருக்கும். மூன்று நான்கு முள் மாற்றி, சிதையாத மட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டால், எந்த சாஃப்ட்வேரும் கொடுக்க முடியாத தெளிவு அந்த நிமிடமே ஸ்பீக்கரில் வரும். இன்னொன்று: தட்டு மோனோ. முள் பக்கவாட்டில் அசைவதுதான் பாட்டு, மேலும் கீழும் குதிப்பது வெறும் குப்பை. ஸ்டீரியோ தலையில் எடுத்து இரண்டு சேனலையும் கூட்டினால் மேலும் கீழுமான குதிப்பு தன்னாலே கழிந்துவிடும். சில சமயம் இடது சுவர் மட்டும் நன்றாக இருக்கும்; அப்போது வலதை விட்டுவிட்டு இடதை மட்டும் எடுப்பேன். இதற்கெல்லாம் பொறுமையைத் தவிர வேறு மூலதனம் தேவையில்லை.

*

வேகம் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம்.

78 சுற்று என்பது பெயர். மின்மோட்டார் வந்த பிறகு, ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 77.92, அறுபது ஹெர்ட்ஸ் நாடுகளில் 78.26 என்று நிலைத்தது. அதற்கு முன்னால் எழுபத்து நான்கு, எழுபத்தைந்து சுற்றிலிருந்து எண்பதுக்கு மேல் வரை எல்லா வேகத்திலும் பதிவு செய்திருக்கிறார்கள். இது நமக்கு என்ன செய்யும்? வேகம் ஆறு சதம் மாறினால் சுருதி அரைக் கட்டை மாறும். 74இல் பதிவான தட்டை 78இல் ஓட்டினால் பாடகர் கிட்டத்தட்ட அரைக் கட்டை மேலே போய்விடுவார், ஐந்து சதம் அவசரமாகவும் பாடுவார். மேற்கத்திய சங்கீதத்திலும் இந்தத் தலைவலி உண்டு. மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் வருஷத்து 'கைண்ட் ஆஃப் ப்ளூ' எல்பியின் முதல் பக்கம் டேப் மெஷினின் கோளாறால் சற்றே மேல் சுருதியில் வெளியாகி, உலகமே அதைக் கேட்டுப் பழகி, தொண்ணூறுகளில்தான் திருத்திய வெளியீடு வந்தது. அத்தனை வருஷம் அந்தத் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் சங்கீதத்தில் சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கக் கருவிகள் உண்டு, சாட்சிகளும் உண்டு. ஹார்மோனியம் நல்ல சாட்சி. அதன் ரீடு பாடகரின் தொண்டையைப் போல் நாளுக்கு நாள் மாறாது. நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டுகளில் அண்ணன் காசி ஐயரின் ஹார்மோனியம் ஒலிக்கும். 'ஆண் குரல் இவ்வளவு மேல் சுருதியில் பாடுமா, தட்டு வேகமாக ஓடுகிறது' என்று முடிவுகட்டி, வேகத்தைக் குறைத்து, கிட்டப்பாவைச் சாதாரண மனிதராக்கிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்குக் கேட்க வேண்டும் என்றால் மேல் சுருதியில்தான் பாட வேண்டும். வேகத்தைக் குறைத்ததும் ஹார்மோனியம் வழக்கமான எந்தக் கட்டையிலும் நிற்காமல் இரண்டுக்கும் நடுவில் தொங்கும். பிருகாக்கள் சோம்பேறித்தனமாக உருளும். காது உடனே சொல்லிவிடும். நாதஸ்வரத்தில் வாத்தியமே சாட்சி. திமிரி நாயனத்தின் சுருதி வேறு, டி.என். ராஜரத்தினம் பிள்ளை நிலைநிறுத்திய நீண்ட பாரி நாயனத்தின் சுருதி வேறு. பாரி இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்க வேண்டிய வாத்தியம். அது மூன்றைத் தாண்டி ஒலித்தால் முதலில் தட்டின் வேகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒரே தட்டின் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ராகத்தை முதல் பக்கத்தில் பாதியில் நிறுத்தி, மறுபக்கத்தில் தொடர்ந்திருப்பார்கள். இரண்டையும் ஒட்டி முழு ஆலாபனையாக்கித் தரச் சொல்வார்கள். ஒட்டிய இடத்தில் தம்புரா ஒரு நூலளவு இறங்கினாலும் கேட்கிறவருக்குக் காரணம் தெரியாமலேயே ஏதோ இடறும். முதல் பக்கத்தின் கடைசி சட்ஜத்தையும் இரண்டாம் பக்கத்தின் முதல் சட்ஜத்தையும் மாற்றி மாற்றிக் கேட்டு, வேகத்தைப் புள்ளிக்குப் பின் இரண்டாம் இலக்கத்தில் நகர்த்தி, இரண்டும் ஒன்றாக ஒலிக்கும் வரை உட்கார வேண்டும். அதிலும் எனக்கொரு பிடிவாதம் உண்டு. ஒட்டிய வடிவத்தோடு ஒட்டாத வடிவத்தையும் கொடுப்பேன். அந்த வித்வான் மூன்று நிமிடத்துக்கென்று திட்டமிட்டுப் பாடினார். அந்தத் திட்டமும் கலைதான்.

*

இப்போது கொரகொரப்புக்கு வருகிறேன்.

இரைச்சல் நீக்கும் சாஃப்ட்வேரில் முதல் படி, இரைச்சலுக்கு ஒரு மாதிரி கொடுப்பது. பாட்டு தொடங்குவதற்கு முன் ஒரு விநாடி வெறும் இரைச்சல் மட்டும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துக் காட்டினால், 'இதுதான் இரைச்சல்' என்று கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, பாட்டு முழுக்க அதைத் தேடித் தேடிக் கழிக்கும். சினிமாப் பாட்டில் இது ஓரளவு சரி. கர்நாடக சங்கீதத்தில் பாடகர் வாயைத் திறப்பதற்கு முன் அந்த ஒரு விநாடியில் என்ன இருக்கிறது? தம்புரா. விடாமல், ஏறாமல், இறங்காமல் ஒலிக்கும் தம்புரா. கம்ப்யூட்டரின் கணக்கில் இரைச்சலின் இலக்கணமே அதுதான். அதைக் கற்றுக்கொண்டு, ஆலாபனை முழுவதிலுமிருந்து தம்புராவை வழித்தெடுத்துவிடும். கேட்டால் மகா சுத்தம். பாடகி ஏதோ காற்றில்லாத அறையில் தனியாக நின்று பாடுவது போலிருக்கும். வாங்குகிறவர், 'எவ்வளவு கிளியர்!' என்பார். தம்புரா போனதோடு பாடகியின் குரலின் கீழ்ப்பகுதியும் போயிருக்கும், ஏனென்றால் அவர் சேர்ந்து நின்றதே அந்தச் சுருதியோடுதான்.

மின்சார 'ஹம்' நீக்குவதிலும் இதே வில்லங்கம். நம்மூர் மின்சாரம் ஐம்பது ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் ஐம்பதிலும், அதன் மடங்குகளான நூறு, நூற்றைம்பது, இருநூறிலும் உட்கார்ந்திருக்கும். 'ஹம் ரிமூவர்' இத்தனை இடத்திலும் குழி வெட்டும். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலின் சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். இருநூறில் அகலமாக வெட்டினால் அந்த அம்மாளின் சட்ஜத்தில் பாதி குழியில் விழும். பஞ்சமத்துக்கு ஏறும்போது குரல் திடீரென்று கனத்து, சட்ஜத்துக்கு இறங்கும்போது மெலியும். அவர் ஜாக்கிரதையாகப் பாடியதெல்லாம் வீண். குழியை ஊசிமுனை அகலத்துக்குக் குறைத்து, அதையும் பாட்டில்லாத இடங்களில் மட்டும் வைத்து வேலை செய்ய வேண்டும். ஆனால் டேப்பில் அந்த ஹம்மே உதவிக்கும் வரும். பதிவின்போது நுழைந்த ஹம் 50க்குப் பதிலாக 51இல் நின்றால், டேப் இரண்டு சதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம்.

'டிக் டிக்' என்ற கீறல் ஒலியை நீக்குவது இதைவிட எளிது, ஆனால் அதிலும் தானாகச் செய்ய விட்டால் மிருதங்கம் போய்விடும். கீறல் என்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் நீடிக்கும் கூர்மையான சத்தம். மிருதங்கத்தின் சாப்பு, வீணையின் மீட்டு, கஞ்சிராவின் ஜல்ஜல், கொன்னக்கோலின் 'த' எல்லாமே தொடக்கத்தில் கூர்மைதான். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. வீணை தனம்மாளை முப்பதுகளின் தொடக்கத்தில் கொலம்பியா பதிவு செய்த தட்டுகள் இருக்கின்றன. வீணை அடங்கிய வாத்தியம், தட்டின் இரைச்சல் அதற்கு ஈடாகவே நிற்கும். இரைச்சலை முழுக்கக் கழித்தால் வீணையில் நாதம் மட்டும் மிஞ்சும். தந்தியில் விரல் பட்ட அந்த முதல் கணம் போய்விடும். அது போனால் வாசித்தது வீணையா ஆர்கனா என்று கேட்க வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட பதிவுகளில் நான் கீறல்களை ஒவ்வொன்றாகக் கையால்தான் எடுப்பேன். மூன்று நிமிடத் தட்டுக்கு ஒரு நாள் போனாலும் போகட்டும். பின்னணி இரைச்சலை எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. கழித்ததை மட்டும் தனியாகக் கேட்க வேண்டும். அந்தக் குப்பையில் பாட்டின் வார்த்தை ஒன்று புரிந்தாலும், மிருதங்கத்தின் ஒரு அடி கேட்டாலும், அளவு மீறிவிட்டது என்று பொருள். உடனே பின்வாங்க வேண்டும். வேலை செய்ய வரும் பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

டி.எம். சௌந்தரராஜனின் வல்லின உச்சரிப்பைப் புகழாத தமிழர் இல்லை. மலிவான மறுவெளியீட்டில் அந்த 'ட'வும் 'ற'வும் எப்படி இருக்கின்றன என்று ஒரு முறை காதை வைத்துக் கேளுங்கள். இரைச்சலோடு இருந்த பழைய தட்டில் அவை வெடிக்கும். சுத்தமான சிடியில் வழுக்கும்.

*

டேப் வேறு உலகம். எங்கள் சீனியர் ரெக்கார்டிஸ்ட் ஒருவர் ஸ்பூலைக் கையில் வாங்கியதும் முதலில் மூக்கில் வைத்துப் பார்ப்பார். 'தம்பி, வினிகர் வாசனை வந்தா அது அசிடேட்டு. பூஞ்சைவாடை வந்தா ஏசி நின்னுபோன கிடங்கு. ரெண்டையும் ஒரே மாதிரி தொடாதே' என்பார். எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில வெளிநாட்டு டேப்புகளில், அப்போது உயர்ந்த ரகம் என்று பேர் வாங்கிய ஆம்பெக்ஸ் 456 உட்பட, பூச்சைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும். மெஷினில் போட்டால் கீச்சென்று கத்திக்கொண்டு ஹெட்டில் பழுப்பு நிறத்தில் ஒட்டும். ஒட்டுவது பசை மட்டும் இல்லை, பாட்டும்தான். சென்னைக் காற்றின் ஈரத்துக்குச் சொல்லவே வேண்டாம். இதற்கு வைத்தியம், ஐம்பது டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் பல மணி நேரம் உலர்த்துவது. உலர்ந்த டேப் சில வாரங்கள் ஒழுங்காக ஓடும். அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். பழைய அசிடேட் டேப்பை இப்படிச் சூடாக்கினால் அது முடிந்தது. அதனால்தான் அந்த மூக்கு.

ஹெட்டின் கோணத்தையும் ஒவ்வொரு ஸ்பூலுக்கும் சரிசெய்ய வேண்டும். அதற்கென்று டேப்பின் தொடக்கத்தில் டோன் போட்டிருக்க வேண்டும். கோடம்பாக்கத்துப் பழைய ஸ்பூல்கள் பெரும்பாலானவற்றில் டோன் இருக்காது. அட்டைப் பெட்டியில் பென்சிலில் 'ஓகே டேக்' என்று எழுதியிருந்தாலே பெரிய விஷயம். அப்போது வயலினையோ ஜால்ராவையோ வைத்துக் காதால் திருப்ப வேண்டியதுதான். மறுவெளியீடுகளில் பாதி இந்த ஒரு திருகாணியைத் திருப்பாமலே மங்கலாக வந்தவை. பிறகு அந்த மங்கலைப் போக்க ட்ரெபிளை ஏற்றி, டேப் இரைச்சலையும் சேர்த்து ஏற்றி, அந்த இரைச்சலைப் போக்க இன்னொரு சாஃப்ட்வேரைப் போடுவார்கள்.

சத்தம் கூட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் பேசிவிட்ட விஷயம். தொண்ணூறுகளில் தொடங்கிய 'எல்லாரையும்விட என் சிடி சத்தமாக இருக்கணும்' என்ற போட்டி உலகம் முழுதும் நடந்தது. மெட்டாலிகாவின் 2008ஆம் வருஷத்து ஆல்பத்தில் அது அம்பலமாகி ரசிகர்களே கொதித்தார்கள். நம்மூரில் ஒரு தயாரிப்பாளர் நாதஸ்வரக் கச்சேரி ஒன்றை மறுவெளியீடு செய்யக் கொண்டுவந்தார். 'சார், கார்ல போட்டா அடிக்கணும்' என்றார். உச்சங்களை நசுக்கும் லிமிட்டரில் போட்டு அவர் கேட்ட சத்தத்துக்கு ஏற்றிக் காட்டினேன். தவில் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் ஆனது. நாதஸ்வரம் நின்ற இடத்திலேயே நின்று கத்தியது. பிறகு லிமிட்டரை எடுத்துவிட்டு, ஸ்பீக்கரின் வால்யூமை மட்டும் கூட்டிக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. ஆனால் வெளியானது முதலாவதுதான். விற்பனைப் பிரிவின் முடிவாம். இன்றைக்கு ஸ்ட்ரீமிங் சேவைகள் பாட்டின் சராசரி சத்தத்தைத் தாங்களே அளந்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. ஏற்றி நசுக்கிய பாட்டைக் கீழே இறக்கிவிடும். நசுங்கல் மட்டும் மிஞ்சும். நசுக்குவதற்கு இருந்த ஒரே வியாபாரக் காரணமும் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

இப்போதைய புதுமை, செயற்கை நுண்ணறிவால் மோனோ பாட்டைப் பிரிப்பது. குரல் தனி, தாளம் தனி, மற்றது தனி. ஜான் லெனன் எழுபதுகளின் கடைசியில் வீட்டில் பியானோவோடு பாடிய ஒரு கேசட்டிலிருந்து குரலை இப்படித்தான் பிரித்தெடுத்து, 2023இல் 'நவ் அண்ட் தென்' பாட்டை முடித்து வெளியிட்டார்கள். அற்புதமான கருவி, மறுக்கவில்லை. ஆனால் அது கற்றுக்கொண்டது பெரும்பாலும் மேற்கத்தியப் பாட்டு. நம் பதிவைக் கொடுத்தால் நாதஸ்வரத்தைக் குரல் என்று எண்ணிக் குரல் பக்கம் தள்ளுகிறது. பாடகியின் கமகத்தில் பாதியை வயலினுக்குக் கொடுத்துவிடுகிறது. அறுபதுகளில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாட்டுகள், பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒன்றாக நின்று பாடி வாசிக்க, நேரடியாக ஒரே டிராக்கில் பதிவானவை. யார் மைக்குக்கு எவ்வளவு பக்கம், எந்த வாத்தியம் எவ்வளவு சத்தம் என்பதெல்லாம் அங்கேயே தீர்மானமாகிவிட்டது. ரெக்கார்டிஸ்டின் அந்த பேலன்ஸ் பாட்டின் அங்கம். அதைப் பிரித்துக் குரலை நடுவில் வைத்து, வயலின்களை இடதிலும் வலதிலும் இறைத்து, அடியில் புதிதாக பேஸ் சேர்த்து, 'ரீமாஸ்டர்' என்று பெயர் வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அது ரீமிக்ஸ். அப்படியே சொல்லி விற்கட்டும், வாங்குகிறவன் வாங்குவான். அறுபதுகளில் அமெரிக்கக் கம்பெனிகள் மோனோ பாட்டின் கீழ் ஒலியை ஒரு காதுக்கும் மேல் ஒலியை மறு காதுக்கும் பிரித்து ஸ்டீரியோ என்று விற்றதைவிட இது மேல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தர் வந்திருந்தார். 'அண்ணே, தாத்தா வாசிப்பு மட்டும் எடுப்பாத் தெரியணும், தவிலைக் கொஞ்சம் கொறச்சிக் குடுங்க' என்றார். 'தம்பி, அந்தத் தவில் இல்லேன்னா உங்க தாத்தா அந்த இடத்துல அப்படித் திரும்பியிருக்கவே மாட்டாரு. கேட்டுப் பாருங்க' என்று அந்தப் பல்லவியைத் திரும்ப ஓட்டினேன். கேட்டார். தவிலை அப்படியே விட்டுவிடச் சொல்லிவிட்டார். தவில் வாசித்தவர் யார் என்று ஊரில் விசாரித்துச் சொல்கிறேன் என்றார், சொல்லவும் செய்தார். அட்டையில் அவர் பெயரையும் போட்டோம்.

கம்பெனிகளுக்கு என் கோரிக்கை ஒன்றே ஒன்று. அட்டையிலோ, ஸ்ட்ரீமிங்கில் பாட்டின் கீழோ, இரண்டு வரி எழுதுங்கள்: இது மூல டேப்பிலிருந்தா, தட்டிலிருந்தா, படத்திலிருந்தா, கேசட்டிலிருந்தா, என்ன செய்தீர்கள், எதையாவது புதிதாகச் சேர்த்தீர்களா. இரண்டு வரிக்குச் செலவு எதுவும் இல்லை. எழுத வெட்கமாக இருந்தால் அந்த வெளியீட்டின் தரம் பற்றி அதுவே போதும்.

வீட்டில் பழைய தட்டோ ஸ்பூலோ வைத்திருக்கிறவர்களுக்கு: தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல் நிமிர்த்தி வையுங்கள். பரணிலிருந்து எடுத்த ஏதோ ஒரு மெஷினில் பழைய ஸ்பூலைப் போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம், அதற்கான மெஷின் உள்ளவரிடம் கொடுங்கள். முக்கியமாக, 'டிஜிட்டல் பண்ணியாச்சு' என்று தட்டைத் தூக்கிப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். இன்னும் பத்து வருஷத்தில் இன்றைக்கு இருப்பதைவிட நல்ல முள்ளும் நல்ல கருவியும் வரும். அன்றைக்கு அவற்றுக்குத் தேவைப்படுவது நாங்கள் எடுத்த நகல் இல்லை. உங்கள் வீட்டில் இருக்கிற அந்தத் தட்டுதான்.